மாமனாரின் பெயர்

சொல்லிவிட்டால்தான் என்ன, வானம் இடிந்தா விழப்போகிறது, ஆனால் நாக்கு எழவில்லையே... டாக்டர் இன்னும் நோசக்கேலேயையே பார்த்துக்கொண்டிருந்தான், டர்பன் நகரத்திலிருந்து வந்த இளைஞன், அவள் மகன் வயதுதான் இருக்கும், "பெரியவருக்குத்தான் அவரு பேரு ஞாபகம் வரல, நீங்களாச்சும் சொல்லுங்கம்மா" என்றான், அவள் தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "நாங்க ராடேபே குலம்" என்றாள், "குலம் கெடக்கட்டும், பேரு?", "நான் இவரு வீட்டு மருமக, தம்பி." அவனுக்குப் புரிந்துவிட்டது, சிரித்தான், "எங்கம்மாவும் இப்படித்தான், எங்க தாத்தா பேரச் சொல்லச் சொன்னா வீட்டையே சுத்தி ஓடுவாங்க, சரி, நர்ஸ் உள்ளூருதான், அவங்ககிட்ட கேட்டுக்கறேன்" என்று எழுந்து வெளியே போனான்.

அவன் கேலி செய்யவில்லை, ஆனாலும் காது சுட்டது... அவளுக்கு யாரும் அடித்துச் சொல்லிக்கொடுக்கவில்லை, கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டே "நல்ல வெயில்" என்று சொல்லிவிட்டாள், அவ்வளவுதான், மாமியார் கையிலிருந்த வாளி நின்றது, மாமனாரின் பெயருக்கு அவர்கள் மொழியில் வெயில் என்றுதானே அர்த்தம், அது மருமகள் வாயில் வரலாமா, அதற்குப் பிறகு முப்பது வருஷமாக அவள் வாயில் வெயில் இல்லை, 'மேலே காய்கிறது' என்பாள், 'வெளியே வெளுத்துவிட்டது' என்பாள், பிள்ளைகள்கூட அவளைப் பார்த்து அப்படியே பேசி, பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளாகி அழுதுகொண்டு வந்தார்கள்... அதெல்லாம் பாரமாகவா இருந்தது? சில நாள் எரிச்சல், சில நாள் ஒரு பெருமைகூட, அண்டை வீட்டு மருமகளுக்கு இவ்வளவு சுத்தமாக வராது என்று... மரியாதை நாக்கிலா இருக்கிறது, மனசிலா, மனசில் அவரைத் திட்டிய நாட்களிலும் நாக்கு தவறவில்லையே, அப்படியென்றால் அது என்ன?

"அம்மா" என்றார் பக்கத்து நாற்காலியிலிருந்த கிழவர், அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், "அந்தப் பையன் கேட்டானே... எம் பேரு என்ன?"

"டாக்டர் வந்து சொல்லுவாரு மாமா."

"அவனுக்கு எப்படித் தெரியும்? நீ எங்க வீட்டுப் பொண்ணுதானே, நீ சொல்லு, எனக்குப் பயமா இருக்கு."

நேற்றும் இந்த முகம்தான், வழி தவறிப்போய் ஆற்றில் முழங்கால்வரை தண்ணீரில் நின்றார், ஊர்க்காரர்கள் மரியாதைக்குக் குலப்பெயரில் 'ராடேபே, ராடேபே' என்று கத்தினார்கள், திரும்பவே இல்லை, குலத்தைக் கூப்பிட்டால் எந்த மனுஷன் திரும்புவான், அவள் ஒருத்தி பெயர் சொல்லிக் கத்தியிருந்தால்... கணவன் லுவூயோ இருந்தால் சொல்லியிருப்பான், அவன் ரஸ்டன்பர்க் சுரங்கத்தில், பூமிக்கு அடியில், போன் அடித்துக்கொண்டேயிருக்கிறது... செத்துப்போன மாமியார் வாளியோடு கதவருகே நிற்பதுபோல இருந்தது, நிற்கட்டும், இவர் பயப்படுகிறார் அத்தை, என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? குனிந்தாள், அவர் காதோடு வாயை வைத்து, "லாங்கா" என்றாள். "உங்க பேரு லாங்கா, மாமா."

ஒன்றும் இடியவில்லை. கிழவர் அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்று பார்த்தார், "லாங்கா... லாங்கா... எனக்கு அப்படி யாரையும் தெரியாதே", முகத்தில் ஞாபகம் வந்த சாயலே இல்லை, முப்பது வருஷம் மடியில் கட்டிக் காத்ததை எடுத்துக் கொடுத்தால் இது யாருடையது என்கிறாரே என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது... பிறகு அவரே அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "அழாத நோசக்கேலே, வா, வீட்டுக்குப் போலாம்" என்றார், தெளிவாக, ஒரு எழுத்துப் பிசகாமல்.

அவர் வைத்த பெயர்தான் அது, மணப்பெண்ணாக வந்த அன்று ஊர்கூடி நிற்க உரக்கச் சொல்லி அவர் கொடுத்தது, அது மட்டும் மறக்கவில்லை அவருக்கு... அதற்கு முன்னால் அவள் புகெல்வா, அம்மா வைத்தது, அம்மா போய்விட்டாள், அண்ணன்களும் போய்விட்டார்கள், பிள்ளைகளுக்கு அவள் வெறும் அம்மா, நாளை வரப்போகும் மருமகளோ அவள் பெயர் எதையும் வாயில் எடுக்க மாட்டாள், எடுக்கக் கூடாது, தானே அப்படித்தான் பழக்குவாள்... இதே நாற்காலியில் ஒருநாள் தான் உட்கார்ந்து எம் பேரு என்ன என்று கேட்டால், யார் குனிந்து சொல்வார்கள்? புகெல்வா, என்று உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தாள், இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள், வேறு யாரையோ கூப்பிடுவதுபோல இருந்தது.