கிருபாகரனுக்குக் கூடுதல் பொறுப்பு

திங்கட்கிழமை முதல் நான் விடுப்பில் இருக்கிறேன். விடுப்பு நான் கேட்டதல்ல. என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். யார் மெயில் அனுப்பினாலும் என் பெயரில் உடனே பதில் போகிறது: "நான் விடுப்பில் இருக்கிறேன். அவசரத்துக்குத் திரு. கிருபாகரனை அணுகவும்."

செட்டிங்ஸில் போய்ப் பார்த்தேன். தானியங்கிப் பதில் என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. கட்டம் சாம்பல் நிறம். கீழே பொடி எழுத்தில், "இதை உங்கள் நிர்வாகி தீர்மானித்துவிட்டார்." நாற்பது முறை அழுத்தினேன். டிக் போகவில்லை. பதினோரு மணிக்கு என் டீ கிருபாகரன் மேஜைக்குப் போனது.

விடுப்பில் இருப்பவர்களின் போன் அடிக்காது. அதனால் புதன்கிழமை என் மகள் நிறைமதி, இரண்டாம் வகுப்பு, அவள் அம்மா போனிலிருந்து மெயில் அனுப்பினாள். "அப்பா, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஸ்கூல்ல நான் மரம் வேஷம். வருவியா?"

வருவேன் என்று எழுதுவதற்குள் பதில் போய்விட்டது. கிருபாகரனை அணுகச் சொல்லி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிருபாகரன் அடுத்த மேஜை. எழுந்துபோய் அவர் முன்னால் நின்றேன்.

"சார், இத எப்படியாவது நிறுத்தணும்."

அவர் என் காலி நாற்காலியைப் பார்த்தார். "அவர் லீவுல இருக்காருங்க. என்ன வேணும், எங்கிட்ட சொல்லுங்க."

"நான்தான் சார் அவரு."

"அப்ப நிர்வாகியத்தான் பாக்கணும்."

நிர்வாகியின் அறை மூன்றாம் மாடியில், நடைபாதையின் கடைசியில். நான் நடக்க நடக்க நடைபாதை நீண்டது. வியாழக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தேன். நிர்வாகி ஜெபக்கனி மேடம் டிபன் பாக்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மூடி சாம்பல் நிறம். அதிலும் அதே பொடி எழுத்து.

"நீங்கதானே மேடம் நிர்வாகி?"

"ஆமா. அதான் எனக்கும் எரிச்சலா இருக்கு. மூணு நாளா சாப்பிடல."

"எம் பொண்ணுக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லணும் மேடம்."

"பணியில சேர்றேன்னு விண்ணப்பம் குடுங்க. உரிய வழியில வரணும்."

"உரிய வழின்னா?"

"உங்க கூடுதல் பொறுப்பு யாரு? கிருபாகரனா? அவர் மூலமா வரணும்."

திரும்பும்போது நடைபாதை பத்தடிதான் இருந்தது. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். கிருபாகரன் நேர்மையானவர். ஒரு எழுத்து விடாமல் படித்தார். விடுப்பில் இருப்பவரின் கையெழுத்து செல்லாது. ஆகவே அதை அடித்துவிட்டு அந்த இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆணை வந்துவிட்டது. கிருபாகரன் நானாகப் பணியில் சேர்ந்துவிட்டார். மேஜை, பீரோ சாவி, வீடு, மகள், எல்லாவற்றுக்கும் முழுக் கூடுதல் பொறுப்பு. நகல் எனக்கும் போட்டிருந்தார்கள். நான் விடுப்பில் இருப்பதாக அதற்கும் பதில் போனது.

நாலு மணிக்குப் பள்ளிக்கு ஓடினேன். வாட்ச்மேன் நோட்டைப் புரட்டினார்.

"நிறைமதி அப்பா உள்ள போயாச்சே."

"நான்தாங்க அவ அப்பா."

"அவரும் அதத்தான் சொன்னாரு. அவர்ட்ட ஆர்டர் இருந்துச்சு."

கம்பி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேடையில் மரம் அசையாமல் நின்றது. கிருபாகரன் முதல் வரிசையில் இருந்தார். நான் கை தட்டியிருக்கும் இடத்தில் தட்டினார். நான் அழுதிருக்கும் இடத்தில் அழுதார். ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் நிறைமதி வெளியே ஓடிவந்தாள். நேராக என்னிடம்தான் வந்தாள். கன்னத்தில் பச்சைச் சாயம்.

"வந்துட்டியாப்பா?"

என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன்.

"வந்துட்டேம்மா" என்றார் கிருபாகரன், எனக்குப் பின்னாலிருந்து.

சரியான பதில். அவள் என்னைத் தாண்டிப் போய் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே போனாள்.

அவளைத் தூக்க நீட்டிய என் கைகள் நீட்டியபடியே நின்றன. மடக்கப் பார்த்தேன். எனக்கு அந்த அனுமதி இல்லை.