டூப்ளிகேட் என்று நீக்கப்பட்ட திருநாள்

ஞாயிற்றுக்கிழமை, ஜூன் மூன்று. விழாத் தரவுத்தளத்தில் அந்த நாளுக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது. மறைமாவட்ட அலுவலகத்தில் நம்போசோ மறுபடி தேடினாள். கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா இருந்தது. விசுவாசத்துக்காக நெருப்பில் மாண்ட உகாண்டா மறைசாட்சிகளைக் காணோம். ஒரே நாளில் இரண்டு விழாக்கள் மோதினால் எது முந்தும் என்று சொல்லும் அட்டவணையையே காணோம். மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அவள் கட்டியது.

நாளைக் காலை, மலைமேல் இருக்கும் சிற்றாலயங்களுக்கெல்லாம் இந்தத் தரவுத்தளம்தான் அன்றைய வேதாகம வாசகங்களைக் குறுஞ்செய்தியாக அனுப்பும். குருக்கள் எல்லாரும், மறைசாட்சிகள் மாண்ட நமுகோங்கோவுக்குத் திருப்பயணத்தில். அவர்களுக்குப் பதிலாக ஜெபம் நடத்தும் வேதியர்கள் போனில் வந்ததை அப்படியே வாசிப்பார்கள்.

மறைமாவட்டச் செயலர் ஃபாதர் கிடுடு வாசலில் குனிந்து செருப்பு வாரை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், ஞாயித்துக்கிழமை வரியை யாரு தொட்டது?"

"நான்தாம்மா. ஒரே தேதி ரெண்டு தடவை கெடந்துச்சு. கம்ப்யூட்டர் படிச்சவ டூப்ளிகேட் விடலாமா? மேல இருந்ததை வச்சுக்கிட்டு கீழ இருந்ததைத் தூக்கிட்டேன். கூடவே அந்த வெட்டி அட்டவணையையும்."

"கீழ இருந்தது யாருன்னு பாத்தீங்களா?"

"யாரு?"

"இப்ப யாரைப் பாக்கச் செருப்பு மாட்டுறீங்களோ, அவங்க."

அவர் சிரித்தார். "சரி விடு. கையால அடிச்சு அனுப்பிடு. இந்த ஒரு வருஷம்தானே."

"அடுத்த தடவை ஜூன் மூணு ஞாயித்துக்கிழமையில வந்தா? ரோமாபுரிப் பட்டியல்ல அவங்க சின்ன நினைவுநாள். நம்ம மண்ணுல பெருவிழா. அதைச் சொல்ற ஒரே எடம் அந்த அட்டவணை. அதைப் போயி வெட்டிங்கிறீங்க."

"குரலைக் கொறைம்மா. ஒரு நாளைக்கு ஒரு வரி. அதுதான் உத்தரவு."

"நெருப்புல நின்னவங்க டூப்ளிகேட்டா ஃபாதர்?"

அவர் முகம் இறுகியது. "அந்த அட்டவணை திரும்பி வந்துச்சுன்னா, திங்கக்கிழமை நீ வர வேண்டாம்."

வெளியே வண்டி ஹாரன் அடித்தது. அவர் போய்விட்டார்.

நம்போசோ திரைக்குத் திரும்பினாள். நேற்றைய நகலிலிருந்து அட்டவணையை மீட்டாள். விழாக்களோடும் வாசகங்களோடும் மறுபடி இணைத்தாள். ஜூன் மூன்றைக் கேட்டுப் பார்த்தாள். மறைசாட்சிகள் முதலில் வந்தார்கள். இன்னும் பல வருடங்களை ஓட்டிப் பார்த்தாள். மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்த போதெல்லாம் அவர்களே முந்தினார்கள்.

பயனர் பட்டியலைத் திறந்தாள். ஃபாதர் கிடுடுவின் பெயருக்கு நேரே இருந்த அழிக்கும் உரிமையை எடுத்தாள்.

அதற்குக் கீழே அவள் பெயர். அந்த உரிமை இனி மிஞ்சியிருந்தது அவளிடம் மட்டும். திங்கட்கிழமை இந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவார். அவள் கடவுச்சொல்லை அவரிடம் கொடுப்பார்கள். கொடுத்து, ஒரு நாளைக்கு ஒரு வரி என்பார்கள்.

தன் பெயருக்கு நேரே இருந்ததையும் எடுத்துவிட்டு எழுந்தாள்.