அறுப்பின் பண்டிகை ரசீதுகள்

டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் நாங்கள் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். இது சபை வாடகைக்கு எடுத்துக் கொடுத்த வீடு. அப்பா பாஸ்டர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெறுகிறார். அடுத்த பாஸ்டர் மூன்று பிள்ளைகளோடு வருகிறார். அதில் யார் மேலும் குற்றமில்லை. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நான் செய்த தவறு எங்கே தொடங்கியது என்று அப்படியாவது தெரிகிறதா பார்க்கலாம்.

ஆகஸ்டில் கோலா சிலாங்கூரில் போதகர் குடும்பங்களுக்கான பணத் திட்டமிடல் கூட்டம் ஒன்று நடந்தது. அப்பா போய்விட்டு நான்கு பக்கப் படிவத்தோடு வந்தார்.

"நீதான் அக்கவுண்ட்ஸ் படிக்கிறியே ஷர்மினி, நெரப்பிக் குடு."

பகலில் பாசிர் பெனம்பாங்கில் ஒரு மீன் மொத்தக் கடையில் பில் எழுதும் கிராணி வேலை பார்க்கிறேன். வாரத்தில் மூன்று மாலை புஞ்சாக் ஆலாமில் கணக்கியல் வகுப்பு. முதல் பாடமே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. இருந்தும் மறுக்கவில்லை.

முதல் இரண்டு பக்கங்கள் சுலபமாக இருந்தன. அப்பாவின் மாதச் சம்பளம் ஆயிரத்து அறுநூறு வெள்ளி (ரிங்கிட்). இபிஎஃப் சேமநிதி கிடையாது, சபை சிறியது, கட்டியதில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரே கேள்வி: ஓய்வுக்குப் பின் எங்கே குடியிருப்பீர்கள்? அதன் கீழ் பத்து வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.

எனக்கு ஒரு பதில் தெரிந்திருந்தது. என்னோடு வேலை செய்யும் பிரேமலாவின் அக்கா புஞ்சாக் ஆலாமில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீட்டை விற்கப் பார்த்தார். என் சம்பளத்துக்கு வங்கிக் கடன் கிடைக்கும் என்று விசாரித்து வைத்திருந்தேன். மாதத் தவணை அங்குள்ள வாடகையில் பாதிதான் வரும். முன்பணமும் வக்கீல் செலவும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம் வெள்ளி வேண்டும். நவம்பர் கடைசி வரை காத்திருப்பதாகச் சொன்னார். அப்பாவிடம் ஏதோ சேமிப்பு இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவும் கேட்டு வைத்தேன். அதை அப்பாவிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

வங்கிப் புத்தகத்தில் எழுநூற்று முப்பது வெள்ளி இருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு பெரிய தொகை வெளியே போயிருந்தது. ஒன்பது ஜனவரிகள். கூட்டினால் பன்னிரண்டாயிரத்து நானூறு வந்தது. என் கூட்டலில் எனக்கு நம்பிக்கை இல்லாததால் மூன்று முறை கூட்டினேன்.

"இது என்னப்பா?"

"ஏலத்துல துண்டு விழுந்ததுமா."

ஒவ்வொரு செப்டம்பரிலும் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. ஆளுக்கொன்றாகக் கொண்டுவரும் பூசணி, கோழி, மீன், கேக் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். ஐந்து வெள்ளிப் பூசணி இருநூறு வரை போகும். கேட்பவர்களுக்கும் தெரியும், அது காணிக்கை. பணத்தை அன்றே கட்ட வேண்டியதில்லை; பெயரை எழுதிக்கொள்வார்கள், கிறிஸ்துமசுக்குள் கட்டினால் போதும். கட்டாதவர்களும் இருந்தார்கள். ஜனவரி முதல் ஞாயிறு பொருளாளர் கணக்கு வாசிப்பதற்குள் அப்பா மீதியைத் தன் கையிலிருந்து கட்டி, அவரவர் பெயரிலேயே ரசீதும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"அவங்க பேர்ல எதுக்குப்பா ரசீது?"

"பாக்கின்னு பேர் வாசிச்சா மறுவாரம் வருவாங்களா? கைய தூக்கும்போது உண்மையாத்தான் தூக்குறாங்க. அப்புறம் லோரி ரிப்பேரு, புள்ளைக்கு யூனிபோர்ம்னு என்னாவது வந்துருது."

அடுப்படியிலிருந்து அம்மா, "எனக்குக் கண்ணாடி மாத்த காசில்லன்னு சொன்னாரே, அது எந்த வருசம்னு பாருடி" என்றார்.

அப்பா சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு பார்த்தேன். அந்த வருடம் ஆயிரத்து எழுநூறு.

வகுப்பில் மாதவி டீச்சரிடம் யார், எவர் என்று சொல்லாமல் கேட்டேன். "ரசீது குடுத்தாச்சா? அப்ப கடனே இல்லமா. கணக்குப்படி அவங்க கட்டிட்டாங்க" என்றார். சரி என்றுதான் பட்டது. ஆனாலும் சபை மனிதர்களிடம் கணக்குப் புத்தகத்தைத் தாண்டிப் பேச முடியும் என்று நினைத்தேன். பாதிப் பணம் வந்தால்கூட மீதிக்கு வழி தேடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, அப்பாவிடம் சொல்லாமல் மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். அப்பா எழுதி வைத்திருந்த பட்டியலில் அதிகத் தொகை செல்லன் அங்கிள் பெயரில் இருந்தது: மூவாயிரத்து நூறு. செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார், குடும்பம் அங்கேயே லயத்து வரிசை வீட்டில் இருக்கிறது. வாசலில் அவர் மனைவி புஷ்பா ஆன்ட்டி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர் மக தனியா வந்திருக்கு. என்னா, கல்யாண கார்டா? மாப்பிள்ளையும் மீன்கடையா?"

"இல்ல ஆன்ட்டி, ஒரு வெசயமா..."

வழியில் நான்கு வாக்கியங்களைத் தயார் செய்திருந்தேன். முதலாவதிலேயே உளறினேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஏலப் பணமா? அதெல்லாம் கட்டியாச்சு லா. இரு வரேன்."

பிறப்புப் பத்திரங்கள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஃபைலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். கடைசி உறையில் ஒன்பது ரசீதுகள் இருந்தன. எல்லாம் அப்பாவின் கையெழுத்து.

"நாங்க இல்லாதவங்கதான். ஆனா கர்த்தருக்குன்னு சொன்னத வெச்சிக்கிட்டு சாப்பிட மாட்டோம். ஒங்கப்பாவையே கேட்டுப் பாரு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவருக்கு அவ்வளவுதான் தெரியும். செல்லன் அங்கிள் பூட்ஸைக் கழற்றாமல் வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. ஆன்ட்டி கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். அங்கிள் மோட்டார் வரை கூடவே வந்தார்.

"பாஸ்டர்தான் கட்டுனாருன்னு எனக்குத் தெரியும். அவகிட்ட நா கட்டுனதாத்தான் சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். "மொத வருசம் முடியல. ரசீது வந்துச்சி. கூசிப்போச்சி. மறுவருசம் ஒரு கோழிய தூக்கிக் காட்டுறாங்க, யாரும் வாயத் தொறக்கல. பாஸ்டர் பாத்துக்கிட்டே நிக்கிறாரு. அவரு எனக்குச் செஞ்சதுக்கு நா கேக்காம வேற யாரு கேப்பா? அதான் கைய தூக்குனேன்."

"தூக்குனீங்க அங்கிள். கட்டலையே."

"கட்டல" என்றார்.

சட்டைப் பையில் இருந்த ஐம்பது வெள்ளியை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வாங்காமல் வந்திருக்க வேண்டுமா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தும் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு, செல்லன் அங்கிள் வீட்டிலிருந்து யாரும் ஆராதனைக்கு வரவில்லை. அடுத்த வாரம் இன்னும் இரண்டு குடும்பங்கள் வரவில்லை. அவர்கள் வீட்டுக்கு நான் போகவே இல்லை, ஆனால் அவர்கள் பெயர்களும் அப்பாவின் பட்டியலில் இருந்தன. மூன்றாம் வாரம் பின்பக்கம் இரண்டு வரிசை நாற்காலிகளை விரிக்கத் தேவை இருக்கவில்லை. மதியச் சாப்பாட்டின்போது அப்பா, "காய்ச்சல் ஏதாவது பரவுதா?" என்று அம்மாவிடம் கேட்டார். நான் எழுந்து போய் அந்த ஐம்பது வெள்ளியைக் கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. கையைக் கழுவிவிட்டு, பணத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். இருட்டுவதற்குள் திரும்பி வந்தார். அவர் கையில் அந்த ஒன்பது ரசீதுகளும் ரப்பர் பேண்ட் போட்டு இருந்தன.

"புஷ்பா உள்ள வாங்கன்னு சொல்லலமா. யாரு கட்டுனதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருச்சி, இதக் குடுத்திருச்சி. செல்லன் வெளியவே வரல."

"நான் நம்ம வீட்டுக்காகத்தான்பா கேட்டேன்."

"தெரியும்." ரசீதுகளை மேசைமேல் வைத்துவிட்டு, "அவங்க வரணும்னுதான் நானும் கட்டுனேன்" என்றார்.

நவம்பர் இருபத்தெட்டாம் தேதி, தன் அக்கா வேறு ஆளிடம் முன்பணம் வாங்கிவிட்டதாகப் பிரேமலா சொன்னாள். வாடகை வீடுகளையும் பார்த்தேன். என் சம்பளத்தில் வாடகை போக மூன்று பேர் சாப்பிட முடியாது. அதையும் மூன்று முறை கூட்டினேன். கோலா குபு பாருவில் மோகனா சித்தி வீட்டில் ஓர் ஆளுக்குத்தான் இடம், சித்தப்பாவின் பெற்றோரும் அங்கேயே இருக்கிறார்கள். அம்மா அங்கே போகிறார். மீன்கடை மாடியில் முதலாளி தரும் அறையில் நானும் அப்பாவும். முப்பத்தாறு வருடத்தில் அவர்கள் பிரிந்திருப்பது இதுதான் முதல் தடவை. எவ்வளவு நாளைக்கு என்று அவர்கள் என்னைக் கேட்கவில்லை.

நேற்று சாமான்களைப் பிரித்தோம். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு பேருக்கும் அது வேண்டும்.

"நீங்களே வெச்சிக்குங்க" என்றார் அம்மா. "சித்தி வீட்டுப் பக்கத்துல கிளினிக் இருக்காம்."

"எனக்கு அது போடத் தெரியாதே. நீதான போடுவ."

அம்மா அவரைக் கட்டிலில் உட்கார வைத்தார். பட்டை எந்தப் பக்கம் வர வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும், எந்தப் பொத்தான் என்று காட்டினார். பிறகு எல்லாவற்றையும் கழற்றி அவர் கையில் கொடுத்து, தனியாகச் செய்யச் சொன்னார். ஒற்றைக் கையால் சுற்ற வரவில்லை, இரண்டு முறை நழுவியது. நான் உதவப் போனேன்.

"நீ வேலைக்குப் போயிருப்ப" என்றார் அம்மா. "அவரே போடட்டும்."