முதுகுத் தையல்

பாட்டி இறந்த மறுநாள் காலை, பிணவறைப் பணியாளர் கத்திரிக்கோலை எடுத்ததும் மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன பண்றீங்க?"

"ரவிக்கையைப் பின்பக்கம் வெட்டிடுவோம்மா," என்றார் அவர், இந்த வெளிநாட்டுப் பாஷையில், நிதானமாக. "கை விறைச்சிருக்கு, நுழையாது. முன்பக்கமா போட்டு ஓரத்தைச் செருகிட்டா ஒண்ணும் தெரியாது. எல்லாருக்கும் இப்படித்தான் செய்யறோம்."

"வெட்டக் கூடாது. அத்தைக்குப் பிடிக்காது."

பிணத்துக்கு என்ன பிடிக்கும், பிடிக்காது என்று அவர் கேட்கவில்லை. தொழில் அனுபவம்.

உண்மையிலேயே பாட்டிக்குப் பிடிக்காது. ஒருமுறை இறுகிப்போன சட்டைக் கையை மருமகள் நறுக்கென்று வெட்டியபோது வீடு இரண்டுபட்டது. தைத்ததைப் பிரிக்கலாம், வெட்டக் கூடாது. அவ்வளவுதான் அவளுடைய சட்டதிட்டம். இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது, பெட்டி கனக்கிறது என்று சேலைகளையெல்லாம் எடுத்து வெளியே போட்டுவிட்டு, தையல் இயந்திரத்தின் தலையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தவள். விமான நிலையத்து அதிகாரி இது என்ன என்று கேட்டதற்கு, பாஷை தெரியாமல், நின்ற இடத்திலேயே காலால் மிதித்துக் காட்டினாளாம். பிறகு தொழிற்சாலையில் காலமெல்லாம் கால்சட்டைப் பைகள் மட்டும் தைத்தாள். பை தவிர மற்றதெல்லாம் வீட்டில். தொலைக்காட்சிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, குடைக்கு ஏற்கெனவே இருந்த உறைக்கு மேல் ஓர் உறை. "அசையாம நின்னா நமக்கும் போட்டுடுவா," என்பான் மகன்.

மருமகளின் தையல் மட்டும் அவளுக்கு ஆகாது. இவள் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்து மாட்டிவைத்தாலும் காலையில் அது பிரிக்கப்பட்டு, திருத்தமாகத் தைக்கப்பட்டு, சட்டை அதே கொக்கியில் தொங்கும். ஒரு வார்த்தை இருக்காது. திட்டியிருந்தாலும் தேவலை. ஊசி பக்கமே போவதில்லை என்று கடைசியில் இவள் தலைமுழுகிவிட்டாள்.

கதவுக்கு வெளியே இருந்து மகன் குரல் கொடுத்தான். "ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. இன்னும் என்ன?"

"கொஞ்சம் பொறுங்க!"

அவள் ரவிக்கையை விளக்கடியில் பிடித்தாள். பேத்தியின் பாவாடைக்கு வெட்டியதுபோக மிஞ்சிய பூப்போட்ட துணி. கைக்குட்டைக்குத்தான் காணும் என்று இவள் சொல்ல, பாட்டி வீம்புக்கென்று அதில் ரவிக்கையே தைத்துப் போட்டுக்கொண்டாள். அப்படியானால் எங்கேயோ ஒட்டு இருந்தாக வேண்டும். உள்பக்கம் திருப்பித் தடவிப் பார்த்ததில் அகப்பட்டது. முதுகின் நட்டநடுவில் ஒரு மூட்டு. பூவோடு பூ பொருந்தியிருந்ததால் வெளியே தெரியவேயில்லை. கெட்டிக்காரி.

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி ஒவ்வொரு தையலாக நெம்பினாள். பொடிப் பொடித் தையல், லேசில் விடவில்லை. இத்தனை வருட எரிச்சலில் பாதி பொறாமைதான் என்று அவளுக்கு அப்போது பட்டது. மீதி எரிச்சல் எரிச்சலாகவே இருந்தது.

முதுகு இரண்டாகப் பிரிந்ததும் கைகள் சுலபமாக நுழைந்தன. பணியாளர் தலையாட்டினார். "இப்படியே விட்டுடலாம்மா. முதுகை யாரு பார்க்கப் போறாங்க?"

"ஊசிநூல் இருக்கா?"

அவரிடம் இருந்தது. எதற்கு வைத்திருக்கிறார் என்று அவள் கேட்கவில்லை. அவர் உடலை ஒருக்களித்துப் பிடித்துக்கொள்ள, அவள் குனிந்து தைத்தாள். நூல் ஓரிடத்தில் சுருங்கியது, ஓரிடத்தில் தொளதொளத்தது. பூக்கள் ஒன்றுக்கொன்று முகம் திருப்பிக்கொண்டன. முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

உடலை மல்லாத்தி, சேலை சுற்றி, மடிப்பைச் சரிசெய்தார்கள். பாட்டி நன்றாகத்தான் இருந்தாள். மகன் உள்ளே வந்தான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. கோணலா வந்திருக்குங்க."

"பரவால்ல, விடு."

அவளால் விட முடியவில்லை. நாளைக் காலையில் அதைப் பிரித்துத் தைக்க ஆள் இல்லை. அங்கிருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.