புஸ்பத்தின் கிணற்றை இறைத்த நாள்

உயிரின் விலை இருபது ரூபா. இருபது லீற்றர் தண்ணீர். கானை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். 2010இல் பாப்பாமோட்டையில் அதுதான் என் விலை. மன்னார் பஜாரில் கருவாட்டுக் கடைக்காரனுக்குப் பிறந்தவன் நான். ஈரம் இருந்தால் எடை கூடும் என்பது பாலோடு குடித்த பாடம்.

போர் முடிந்து நாற்பது குடும்பங்கள் மீளக் குடியேறியிருந்தன. கிணறெல்லாம் உவர். புஸ்பத்தின் வளவில் மட்டும் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, பாசி மூடிக் கிடந்தது. அதைத் துப்புரவாக்கினால் ட்ரக்டரில் நான் இழுத்துவரும் தண்ணீர்ப் பவுசருக்கு அங்கே வேலையில்லை. ஆகவே முதல் கிழமையே, மிச்சக் காசு கொடுக்கிற கையோடு, "அதுக்குள்ள செத்த ஆள் கிடக்காம்" என்று சொல்லி வைத்தேன். ஒரு சதம் செலவில்லாத விளம்பரம்.

புஸ்பம் மகளோடு தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பியவள். மாடுகளை விட்டு வரமாட்டேன் என்று ஊரிலேயே நின்றவர் கணவர் கனகசிங்கம். பிறகு தகவலே இல்லை. இதை நான் அறிய இரண்டு மாதமானது. அதற்குள் அவள் கிணற்றுக் கட்டில் விளக்கு வைக்கத் தொடங்கியிருந்தாள். மைமல் இருட்டில் திரும்பும்போது அந்தச் சுடர் ட்ரக்டரின் பின்பார்வைக் கண்ணாடிக்குள் ஏறி அடம்பன் வரைக்கும் வரும்.

அடுத்த வருடம் ஒரு தொண்டு நிறுவனம் இலவசமாக இறைத்துத் தர வந்தது.

"கிடைக்கிறதே கிழமைக்கு ரெண்டு நாள் கூலி. அதில பாதி தண்ணிக்குப் போகுது. இறைப்பமம்மா" என்றாள் மகள் கிருஷாந்தினி, என் பவுசரடியில் கானை நிரப்பியபடி.

"உன்ர அப்பரை இறைச்சு வாய்க்காலில விடவோடி?" புஸ்பம் என் பக்கம் திரும்பினாள். "தோமஸ் அண்ணை, நீங்கள்தானே சொன்னனீங்கள். உங்களுக்கு ஆர் சொன்னது?"

"சந்தையில கதைச்சவை, தங்கச்சி."

விற்ற சரக்கை நாங்கள் திருப்பி எடுப்பதில்லை.

அவள் மகளின் கானை வாங்கி மூடினாள். "அப்ப இறைக்கட்டும். அவரை எடுத்து முறையாச் செய்வம்."

இறைப்பு நாளன்று புது வேட்டியொன்றை மடியில் வைத்தபடி கிணற்றடியில் இருந்தாள். மத்தியானம் வரை பம்ப் ஓடியது. இரண்டு வாளி வந்தன, ஒரு சைக்கிள் றிம் வந்தது, உயிரோடு ஓர் ஆமை வந்தது. பிறகு உள்ளேயிருந்து, "ஒண்டுமில்லை! ஊத்துத் தெரியுது!" என்று கத்தினார்கள். ஊர் கைதட்டியது.

புஸ்பம் வேட்டியை விரித்தாள், திரும்ப மடித்தாள்.

"அப்ப அவர் எங்கை, அண்ணை?"

கிணற்றைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள்.

இப்போது எல்லோரும் அங்கேதான் அள்ளுகிறார்கள், அவளும்தான். விளக்கு மட்டும் இல்லை. ஆனாலும் என் கண்ணாடிக்குள் அது எரிகிறது.

கணக்கு இதுதான். நாற்பது வீடு, வீட்டுக்கு நாளுக்கு இரண்டு கான், ஒரு வருடம்: ஐந்து இலட்சத்து எண்பத்து நாலாயிரம் ரூபா வரவு. நாற்பது வீட்டுக்கும் தண்ணீர் விற்றேன், கொடுத்துவிட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு பிணம் விற்றேன். அது நிலுவை.