மகேஸ்வரனின் நாய்க்கு ஒரு விமானம்

கோபிகாவின் அலுவலகத்துக்கு நேரில் வந்து விமானம் கேட்டவர்கள் அதுவரை ஒருவரும் இல்லை. பிரைவேட் ஜெட் வாடகைக்கு எடுப்பவர்கள் போனில்தான் கதைப்பார்கள். அல்லது அவர்களுக்காக ஒரு செக்ரட்டரி கதைப்பார். ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் நாலு மேசை போட்ட சின்ன இடம் அது. அவர்களிடம் சொந்தமாக ஒரு விமானமும் கிடையாது. எந்த நாட்டில் எந்த விமானம் சும்மா நிற்கிறது, அதை யார் வாடகைக்கு விடுவார்கள் என்று தேடிப் பிடித்துக் கொடுப்பதுதான் தொழில்.

அதனால் ஒரு செப்டெம்பர் காலையில் சச்சிதானந்தன் மூச்சு வாங்கப் படியேறி வந்து நின்றபோது, பல்லுப் பிடுங்க வந்தவர் வழி மாறிவிட்டார் என்றுதான் கோபிகா நினைத்தாள்.

"டென்ரிஸ்ட் கீழை, அங்கிள்."

"என்ரை பல்லெல்லாம் வடிவா இருக்கு, பிள்ளை. எனக்கு ஒரு பிளேன் வேணும்."

பிறம்ரன் நகரில் முப்பது வருடமாக ட்ரக் கொம்பனி நடத்தியவர் அவர். அந்த வசந்தத்தில்தான் அதை விற்றிருந்தார். கதிரையில் உட்கார்ந்ததும், எந்தச் சரக்கை எங்கே ஏற்றி எங்கே இறக்குவது என்று ட்ரைவருக்குச் சொல்லும் குரலில் சொல்லிக்கொண்டு போனார்.

"நான் சாதாரண ஃபிளைட்டிலை ஒஸ்லோவுக்குப் போறன். அங்கை சண்முகநாதன் எண்டு என்ரை சிநேகிதன். அவனை ஏத்தவேணும். பிறகு பாரிஸிலை மகேஸ்வரன். அவனையும் ஏத்திக்கொண்டு ரொறன்ரோ."

"மூண்டு பேர்தானே அங்கிள்? பிஸ்னஸ் கிளாஸிலை போனாலே நல்ல வசதியா இருக்கும். ஜெட் தேவையில்லை." வந்த வியாபாரத்தைக் கெடுக்கிறோம் என்று தெரிந்தாலும் கோபிகாவால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"மூண்டு பேரும் ஒரு நாயும்" என்றார் சச்சிதானந்தன்.

நாயின் பெயர் முசியே. பிரெஞ்சில் 'ஐயா' என்று அர்த்தம். ஐம்பது கிலோவுக்கு மேல் நிறை. மகேஸ்வரன் மனைவியை இழந்த பிறகு அவரோடு வீட்டில் இருப்பது அது மட்டும்தான். அவ்வளவு பெரிய நாயைச் சாதாரண விமானத்தில் சாமான்கள் வைக்கிற அறையில்தான் கொண்டுபோகலாம். மகேஸ்வரன் அதற்கு ஒருநாளும் சம்மதிக்கமாட்டார். அதைத் தனியே விட்டுவிட்டும் வரமாட்டார். எத்தனையோ வருடமாகக் கனடாவுக்கு வா, வா என்று கூப்பிட்டுச் சச்சிதானந்தன் களைத்துப்போயிருந்தார்.

"நாங்கள் மூண்டு பேரும் ஒண்டாத்தான் ஊரிலை இருந்து வெளிக்கிட்டது, பிள்ளை. கிழக்கு ஜேர்மனிக்கு வந்து, பேர்லினுக்குள்ளை பூந்து, பிரான்சுக்குப் போக வெளிக்கிட்டம். ரெண்டு தரம் போடரிலை பிடிச்சுத் திருப்பி அனுப்பினாங்கள். மூண்டாந்தரம் மழைக்குள்ளை ஒரு காட்டுக்குள்ளாலை நடந்து போய்ச் சேர்ந்தம். அதுக்குப் பிறகு ஆள் ஆளுக்கு ஒரு நாடு. ஒருத்தனை ஒருத்தன் எப்பவாவது காணுறதுதான். மூண்டு பேரும் ஒரு அறைக்குள்ளை இருந்தது கிடையாது."

அவர் மேசையில் விரலால் ஒரு கோடு இழுத்தார். ஒஸ்லோ, பாரிஸ், பிறகு அத்திலாந்திக்.

"ஒருத்தரும் மறிக்காமல் போடருகளுக்கு மேலாலை ஒருக்கா மூண்டு பேரும் சேர்ந்து பறக்கவேணும். அவ்வளவுதான்."

கோபிகா ரொறன்ரோவில் பிறந்தவள். தாய் தகப்பன் மட்டக்களப்பு. அவளுக்கு இந்த வேலையில் ஆறு வருட அனுபவம். கோல்ஃப் விளையாட ஸ்கொட்லாந்துக்கும், பிறந்தநாள் கொண்டாட மொரோக்கோவுக்கும் ஆட்களை அனுப்பியிருக்கிறாள். இப்படி ஒரு பயணத்தை யாரும் கேட்டதில்லை. மறுநாளே தேடத் தொடங்கினாள்.

பெரிய ஜெட் ஒரே ஓட்டமாக வரும், ஆனால் வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். நடுத்தர விமானம் என்றால் வழியில் ஓரிடத்தில் எண்ணெய் அடிக்கவேண்டும். வழமையாக ஐஸ்லாந்தில் இறக்குவார்கள். அங்கே வெளிநாட்டு நாய்களுக்குக் கடுமையான சட்டம் இருப்பதால் முசியே வெளியே கால் வைக்க முடியாது. எட்டு வயது நாய் அத்தனை மணிநேரம் அடக்கிக்கொண்டு இருக்குமா? ஆகவே அவள் பாதையைத் தெற்கே திருப்பி, போர்த்துக்கலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுகள் வழியாகப் போட்டாள். அங்கே நாய் தாராளமாக இறங்கி நடக்கலாம்.

எல்லாம் சரிவந்த நேரத்தில் ஒரு போன் வந்தது. சச்சிதானந்தனின் மனைவி யோகராணி.

"நீர்தானோ இந்த மனிசனுக்குப் பிளேன் விக்கிறது?"

"விக்கேல்லை அன்ரி. வாடகைக்கு."

"கொம்பனியை வித்த காசிலை ஒரு கொட்டேஜ் வாங்குவம் எண்டு எத்தினை தரம் சொன்னனான். ஏரிக்கரையிலை சும்மா இருந்திருக்கலாம். இப்ப நாய்க்குப் பிளேன் ஓடுறார்!"

பிறகு யோகராணி குரலைத் தாழ்த்தினாள்.

"சரி அது போகட்டும். உந்த நாய் சோறு தின்னுமோ? இல்லாட்டி ஏதும் வாங்கி வைக்கவேணுமோ?"

புறப்படுவதற்கு முதல்வாரம் பயணிகளின் பெயரை உறுதிப்படுத்தக் கூப்பிட்டபோதுதான் சச்சிதானந்தன் இன்னொரு விசயத்தை மெல்ல அவிழ்த்தார். பாரிஸில் மகேஸ்வரனும் ஏறுகிறார் என்று சண்முகநாதனுக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஆறு வருடமாகக் கதைப்பதில்லை. சண்முகநாதனின் மகளின் கலியாணத்துக்கு மகேஸ்வரன் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார். பிறகுதான் தெரிந்தது, வருத்தம் அவருக்கல்ல, நாய்க்கு.

"அங்கிள், அவருக்கு முதலே சொல்லிப்போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கோவன்."

"சொன்னா அவன் வருவனே? ஏத்திப்போட்டால் பிறகு எங்கை இறங்கி ஓடுறது?"

பாரிஸிலேயே இறங்கி ஓடலாம் என்று கோபிகாவுக்குத் தோன்றியது. ஆனாலும் பட்டியலில் மூன்று பெயரையும் உறுதிப்படுத்தினாள்.

பயண நாள் சனிக்கிழமை. கோபிகா அஜின்கோர்ட்டில் தன் வீட்டுக் குசினியில் கோப்பி போட்டுக்கொண்டு நின்றாள். வெளியே இப்போதுதான் விடிகிறது, பாரிஸில் மத்தியானம். ஒஸ்லோவிலிருந்து கிளம்பிப் பாரிஸில் இறங்கியாயிற்று என்று செய்தி வந்திருந்தது. கோப்பியை வாயில் வைக்க முதல் வீடியோ அழைப்பு வந்தது. திரையில் சச்சிதானந்தனின் மூக்கு மட்டும் தெரிந்தது.

"பிள்ளை, ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. பாஸ்போட்டைக் கையிலை பிடிச்சுக்கொண்டு அங்கையும் இங்கையும் நடந்தனான். ஒரு பொலிஸ்காரன் கண்டிட்டு 'குட் டே' எண்டு சொல்லிப்போட்டுப் போறான். எந்த நாட்டுக்கு எப்ப வந்தது எண்டே தெரியேல்லை." அவர் சிரித்தார். சிரிப்பு அரைவாசியில் நின்றது. "அது கிடக்கட்டும். நாய் ஏறுதில்லை."

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். வெள்ளை விமானம். ஐந்தாறு படிகள் உள்ள சின்ன ஏணி. அதன் அடியில் கறுப்பும் மண்ணிறமுமாக ஒரு குன்று மாதிரி முசியே படுத்திருந்தது. பக்கத்தில் புதுக் கோட்டுப் போட்ட மகேஸ்வரன் முழங்காலில் நின்று அதன் காதுக்குள் பிரெஞ்சில் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். வாசலில் தலைமை விமானி ஸ்டெபனி நின்று மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"சாப்பாடு காட்டிப் பாத்தீங்களே?"

"பிஸ்கற், சீஸ், கோழி, எல்லாம் காட்டியாச்சு. பாத்திட்டு மற்றப் பக்கம் திரும்புது. ரெண்டு பேர் தூக்க வந்தாங்கள், உறுமிச்சுது. ஓடிட்டாங்கள்."

குறித்த நேரத்துக்குள் ஓடுபாதைக்குப் போகாவிட்டால் புறப்பட அடுத்த நேரம் பின்னேரம்தான் கிடைக்கும். அதற்குள் விமானிகளின் வேலைநேரம் முடிந்துவிடும். பயணம் அடுத்த நாளுக்குப் போகும். கோபிகாவுக்கு இதெல்லாம் தெரியும்.

"சண் அங்கிள் எங்கை?"

"உள்ளுக்கை. மகேசைக் கண்ட நேரம் தொட்டு யன்னல் ஷட்டரை இழுத்துவிட்டிட்டு இருக்கிறான். என்னோடையும் கதைக்கிறானில்லை."

"போனை அவரட்டைக் குடுங்கோ."

திரையில் மெலிந்த, நரைத்த தாடி வைத்த ஒருவர் வந்தார். மடியில் ஒரு தோள்பையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"பிள்ளை, உமக்கும் தெரியும்தானே இது? எல்லாரும் சேர்ந்து என்னை மடையனாக்கிப்போட்டியள்."

"தெரியும் அங்கிள். சொல்லாமல் விட்டது பிழைதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்களுக்கு விருப்பமில்லை எண்டால் இப்பவே ஒஸ்லோவுக்கு ரிக்கெற் போட்டுத் தாறன். பின்னேரம் வீட்டை நிப்பீங்கள்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. யாராவது கெஞ்சுவார்கள் என்றுதான் காத்திருந்தார்.

"போடும்" என்றார். "நான் இறங்கிறன்."

போனைச் சச்சிதானந்தனின் கையில் திணித்துவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியால் இறங்கினார். மகேஸ்வரனைப் பார்க்காமல், நாயையும் பார்க்காமல் கட்டிடத்தை நோக்கி நடந்தார். சச்சிதானந்தன் போனைப் பிடித்தபடி பின்னால் ஓடினார். கோபிகாவின் திரையில் வானமும் தார்த்தரையும் மாறிமாறி ஆடின.

"டேய் சண், நில்லடா!"

அப்போது முசியே எழும்பியது. மூக்கை உயர்த்திக் காற்றை ஒருமுறை இழுத்தது. பிறகு, அதுவரை ஒரு அங்குலம் அசையாத நாய், சண்முகநாதனுக்குப் பின்னால் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியது. நாய்க்குப் பின்னால் மகேஸ்வரன்.

"இஞ்சை வராதை! போ!" சண்முகநாதன் திரும்பிக் கத்தினார். நாய் அவருடைய காலடியில் குந்தி, பையின் அடியில் மூக்கை வைத்தது.

"அங்கிள்! அந்தப் பைக்குள்ளை என்ன கிடக்கு?" கோபிகா தன் குசினியில் நின்று கத்தினாள்.

"சால்மன் மீன், புகை போட்டது. வீட்டிலை யோகராணிக்கெண்டு நோர்வேயிலை இருந்து கொண்டாறான்" என்றார் சச்சிதானந்தன்.

"பையோடை அவரைத் திரும்பி ஏறச் சொல்லுங்கோ! நாய் பின்னாலை ஏறும்!"

சண்முகநாதனுக்கும் அது கேட்டது. அவர் நாயைப் பார்த்தார். பிறகு, முதல் தடவையாக, மகேஸ்வரனைப் பார்த்தார். மகேஸ்வரனுக்கு மூச்சு வாங்கியது.

"எட்டு வருசமா என்னைத் தவிர வேறை ஆருக்குப் பின்னாலையும் இது போனதில்லை, மச்சான்."

"கலியாணத்துக்கு வந்திருந்தா ஒரு முழு மீனே குடுத்திருப்பன்."

"அண்டைக்கு இதுக்குக் காதிலை ஒப்பரேஷன். சொன்னா சிரிப்பாய் எண்டுதான் காய்ச்சல் எண்டனான்."

"அந்தப் பொய்தானடா எனக்குக் கோவம்! நாய்க்கு வருத்தம் எண்டு சொல்லியிருந்தா நான் ஏன் கோவிக்கிறன்?"

"கோவிச்சிருப்பாய்."

சண்முகநாதன் யோசித்தார். "ஓம், கோவிச்சிருப்பன்தான். ஆனா ஒரு கிழமைக்கு. ஆறு வருசத்துக்கில்லை."

மகேஸ்வரன்தான் முதலில் சிரித்தார். சண்முகநாதன் சிரிக்கக்கூடாது என்று வாயை இறுக்கிப் பார்த்தார், முடியவில்லை. வாசலில் நின்ற ஸ்டெபனிக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஆனாலும் அவளும் சிரித்தபடி, ஏறுங்கள் என்று கையால் காட்டினாள். பை முன்னால் போக, நாய் அதற்குப் பின்னால் படிப்படியாக ஏறியது. ஐம்பது கிலோவும் ஏறும்போது விமானம் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்ததைக் கோபிகா கண்டாள். கோப்பி ஆறிப்போயிருந்தது. அதை ஒரே இழுவையில் குடித்தாள்.

மத்தியானத்துக்குக் கிட்ட அசோர்ஸிலிருந்து ஒரு படம் வந்தது. பச்சை மலை, பின்னால் கடல், முன்னால் புல்லில் முசியே மல்லாந்து கிடக்கிறது. மூன்று மனிதர்களும் காற்றில் தலைமயிர் பறக்க நிற்கிறார்கள். மகேஸ்வரனின் கோட்டைச் சண்முகநாதன் போட்டிருக்கிறார். கீழே சச்சிதானந்தன் எழுதியிருந்தார்: 'இப்பிடி ஒரு தீவு இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது. நல்ல கோழிச் சூப் குடிச்சம்.'

பின்னேரம் பியர்சன் விமான நிலையத்தில், தனியார் விமானங்களுக்கான சின்னக் கட்டிடத்தில் கோபிகாவும் யோகராணியும் காத்து நின்றார்கள். நேரில் காண்பது இதுதான் முதல்தடவை. யோகராணி தன் வான் வண்டியின் பின்சீற்றை மடித்துவிட்டு, நாய்க்கென்று ஒரு தடித்த போர்வை விரித்திருந்தாள்.

குடிவரவு அதிகாரி விமானத்துக்கே போனார். பாஸ்போட்டுகளையும் நாயின் தடுப்பூசிப் பத்திரத்தையும் பார்த்து முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. மூன்று பேரும் ஒருவர் பேச்சுக்குள் ஒருவர் விழுந்தபடி கதவால் வந்தார்கள். அந்த மழைநாளில் காட்டுக்குள் யார் முன்னால் நடந்தது என்பதில் தகராறு. அத்திலாந்திக் முழுக்க அதே தகராறுதான் என்று பின்னால் வந்த ஸ்டெபனியின் முகத்தில் தெரிந்தது.

"இவன் வழியைத் தவற விட்டிட்டான், ராணி. நான்தான் கண்டுபிடிச்சனான்" என்றார் மகேஸ்வரன்.

"இவனைக் கேளுங்கோ, வழி எங்கை கிடந்தது எண்டு!" என்றார் சண்முகநாதன்.

யோகராணி மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். கொட்டேஜ் பற்றி ஏதாவது சொல்லப்போகிறாள் என்று சச்சிதானந்தன் கொஞ்சம் ஒதுங்கி நின்றார். அவள் குனிந்து முசியேயின் தலையைத் தடவினாள்.

"வாங்கோ, புட்டும் கணவாயும் ஆறுது" என்றாள். கோபிகாவின் கையையும் பிடித்து இழுத்தாள். "நீரும் வாரும். சாட்டுச் சொல்லக்கூடாது."

பிறம்ரன் வீட்டில் சாப்பாடு முடியும் வரைக்கும்தான் அவர்கள் தாக்குப்பிடித்தார்கள். உடம்புக்கு இன்னும் ஐரோப்பா நேரம். பெண்கள் இருவரும் கோப்பை கழுவிவிட்டு வந்து பார்த்தால், ஒரே சோபாவில் மூன்று பேரும் வாயைத் திறந்தபடி நித்திரை. சண்முகநாதனின் தலை மகேஸ்வரனின் தோளில். வெளியே இப்போதுதான் இருட்டியிருந்தது.

யோகராணி ரீவியை நிறுத்திவிட்டு வந்து கோபிகாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"இவை திரும்பிப் போறது எப்ப?" என்று மெல்லக் கேட்டாள்.

"அங்கிள் இன்னும் திகதி சொல்லேல்லை, அன்ரி. சொன்னால்தான் பிளேன் பாக்கலாம். நாளைக்கு ஒருக்காக் கேக்கட்டே?"

யோகராணி சோபாவைப் பார்த்தாள். சச்சிதானந்தன் நித்திரையில் ஏதோ முணுமுணுத்துவிட்டு மற்றப் பக்கம் சாய்ந்தார்.

"வேண்டாம்" என்றாள். "ஒண்டும் அவசரமில்லை. தேத்தண்ணி குடிப்பம், வாரும்."