மரகதவல்லி கடலில் விழவில்லை

அமீரகத்தின் புஜைரா துறைமுகத்துக்கு எதிரே இருந்த கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் ஸ்ரீனிவாசனும் ஜெயமணியும் பல வருடங்களாக அடுத்தடுத்த மேஜைகளில் வேலை பார்த்தார்கள். அவர் தலைமைக் கணக்கர், சென்னைக்காரர், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஜெயமணி திண்டுக்கல்காரி. டெலிபோனும் ஃபேக்ஸும் அவள் பொறுப்பு. கணவர் இறந்த பிறகும் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே இருந்துவிட்டாள். மதியம் இருவரும் டிபன் பாக்ஸை ஒன்றாகத்தான் திறப்பார்கள்.

2005 கடைசியில் அந்தப் படம் வந்தது. சுதந்திரத்துக்கு முந்தைய சென்னை. ஒரு ஸ்டுடியோ முதலாளி, அவர் அறிமுகப்படுத்திய நடிகை, விஷம் கலந்த பால், ஊரே வேடிக்கை பார்த்த கொலை வழக்கு. பெயர்களை மாத்திரம் மாற்றியிருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை போகலாம், வரீங்களா?" என்றார் ஸ்ரீனிவாசன் சாப்பிடும்போது. "யார்கிட்டயும் சொன்னதில்ல. அது எங்கப்பா கதை. அவர் போனப்போ நான் கைக்குழந்தை. மரகதவல்லின்னு ஒரு நடிகை. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க."

ஜெயமணி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். பிறகு, "வரேன் சார்" என்றாள்.

தியேட்டரில் ஊர்க்காரப் பையன்கள் நிறைந்திருந்தார்கள். திரையில் நடிகை சிரித்துக்கொண்டே பாலை நீட்டியபோது பின்வரிசையில் ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். கோர்ட் அவளை விடுதலை செய்தது. தெருவில் நடந்தவள்மேல் ஜனங்கள் காறித் துப்பினார்கள். கடைசியில் அவள் கடலுக்குள் நடந்து போனாள். ஸ்ரீனிவாசன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கோர்ட் விட்டாலும் தெய்வம் விடல. இதைப் பார்க்க எங்கம்மா இருந்திருக்கணும்" என்றார் காரை ஓட்டியபடி.

"சார், கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."

அவளுக்கு மயக்கமோ என்று நினைத்து நிறுத்தினார்.

"மரகதவல்லி கடல்ல விழல சார். திண்டுக்கல்ல ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில ஆயாவா வேலை பார்த்தாங்க. பேரை மாத்திக்கிட்டு, ஒரு கம்பவுண்டரைக் கட்டிக்கிட்டு, வயசாகித்தான் செத்தாங்க. அவங்க என்னோட அம்மா."

ஸ்ரீனிவாசன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் யாருன்னு தெரிஞ்சுதான் இத்தனை நாள் பழகினீங்களா?"

"இல்ல சார். நீங்க படத்தைப் பத்திச் சொன்னப்போதான் தெரியும்."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"அம்மா நடிச்ச படம் எதுவும் இப்ப இல்ல. நான் பார்த்ததே கிடையாது. வேற யாரோ அம்மாவா நடிச்சாலும் பார்க்கணும்னு இருந்துச்சு."

அவர் காரை எடுத்தார். அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

அதன் பிறகு மதியத்தில் அவர் வெளியே சாப்பிடப் போனார். வேலை விஷயம் இருந்தால் ஆபீஸ் பையன் மூலமாகச் சொல்லி அனுப்பினார். ஜெயமணி துபாய் கிளைக்கு மாற்றல் கேட்கலாமா என்று யோசிக்கத் தொடங்கியிருந்தபோது, ஒருநாள் அவரே டிபன் பாக்ஸோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு? உங்கம்மா சொன்னதை அப்படியே சொல்லுங்க."

"ஷூட்டிங் முடிஞ்சு உங்கப்பா நெஞ்சு வலின்னு அம்மா வீட்டுக்கு வந்திருக்கார். அம்மா டாக்டரைக் கூப்பிடப் போயிருக்காங்க. இந்த வீட்ல நான் இருக்கிறது தெரிஞ்சா என் பேர் போயிடும், வேண்டாம்னு தடுத்துட்டாராம். அம்மாவும் கேட்டுட்டாங்க. பாலும் இல்ல, விஷமும் இல்ல. அவர் பேச்சை ஏன் கேட்டேன்னு சாகுற வரைக்கும் அம்மா புலம்பிட்டே இருந்தாங்க. கோர்ட்லயும் இதைத்தான் சொன்னாங்க. கோர்ட் விட்டுருச்சு. ஜனங்கதான் நம்பல."

ஸ்ரீனிவாசன் டிபன் பாக்ஸை மூடி வைத்தார்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வயதான முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அம்மாவைப் பற்றி இட்டுக்கட்டியவர்கள் போதும் என்று தோன்றியது.

"இல்ல சார். ஜன்னலைத் திறக்கச் சொன்னாராம். அம்மா சொன்னது அவ்வளவுதான்."

அவர் தலையாட்டினார். "கேட்டார்னு நீங்க சொல்லியிருந்தா, மத்ததையும் நான் நம்பியிருக்க மாட்டேன்."

படக்காரர்களுக்குக் கதை கொடுத்தது சென்னையிலிருந்த அவருடைய அண்ணன். அவள் முன்னாலேயே அவருக்கு போன் போட்டார். "அண்ணா, அந்த அம்மா அப்பாவைக் கொல்லல." அண்ணன் போனை வைத்துவிட்டார். பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

அடுத்த கோடையில் ஸ்ரீனிவாசன் ஓய்வு பெற்றார். பிரிவு விழாவுக்கு முன் ஜெயமணியிடம் வந்து, "நான் சொல்லலாமா?" என்று கேட்டார். பெற்ற மகனிடம்கூட அவள் சொன்னதில்லை. சற்று யோசித்துவிட்டு, "சொல்லுங்க சார்" என்றாள்.

எல்லாரும் பேசி முடித்த பிறகு அவர் எழுந்தார். ஊழியர்களில் பாதிப் பேர் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள்.

"அந்தப் படத்துல செத்துப்போற முதலாளி எங்கப்பா. அவரை யாரும் கொல்லல. கொன்னதா பழி சுமந்த நடிகையோட பேர் மரகதவல்லி. அவங்க பொண்ணு இங்கதான் இருக்காங்க."

ஜெயமணி புடவைத் தலைப்பைத் தோளில் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.